பெரிய டீச்சர் நின்ற இடம்

"உங்க அண்ணன் பெரிய டீச்சரை விக்கப் போறாரு. சாயங்காலம் ஆள் வருது. உன்னால வர முடியுமா?"

அண்ணி போனில் இப்படிக் கேட்டபோது நான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். குடல்வால் அறுவை முடிந்து, வயிற்றுத் தையல் இன்னும் பிரிக்கவில்லை. கத்தக் கூடாது, வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் குடும்பத்து ஆட்களை வைத்துக்கொண்டு முதல் இரண்டையும் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பெரிய டீச்சர் ஓர் ஆடு. பெண் ஆடுதான், ஆனால் வெள்ளைத் தாடி உண்டு. பெண் ஆட்டுக்கும் தாடி வளரும் என்று சொன்னால் வருகிறவர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை. இரண்டு கண்ணைச் சுற்றியும் கண்ணாடி மாட்டியதுபோல் கறுப்பு வட்டம். யார் உள்ளே வந்தாலும், வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்பதுபோல் தலையைச் சாய்த்து ஒரு பார்வை. வந்து போகும் பிள்ளைகள் வைத்த பெயர் அது. நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம்.

அண்ணனும் நானும் சேர்ந்து நடத்தும் இடம் ஒரு பழைய லாரி ஷெட். மேலே தகரக் கூரை, கீழே மணல். ஆடுகள், முயல்கள், கினிப்பன்றிகள், எப்போதும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் வாத்துகள். வருகிறவர்கள் மணலில் உட்கார்ந்து இவற்றைத் தொட்டுப் பார்க்கலாம், உள்ளங்கையில் தீவனம் வைத்து ஊட்டலாம். வாசலும் வருகிறவர்களும் அண்ணன் பொறுப்பு. பிராணிகள் என் பொறுப்பு.

"என்ன ஆச்சு அண்ணி?"

"நேத்து ஒரு குழந்தையை முட்டிடுச்சு. முழங்கைல சிராய்ப்பு. அந்தக் குழந்தையோட அம்மா போலீஸுக்குப் போவேன்னு நிக்கிறாங்க. உங்க அண்ணன் பயந்துபோய், ஆட்டை இன்னிக்கே அனுப்பிடறேன்னு சொல்லிட்டாரு. அது போறதைக் கண்ணால பாக்கணும்னு அந்தம்மா சாயங்காலம் வராங்களாம்."

"எங்க அனுப்புறாராம்?"

"ஆட்டு வியாபாரிக்குப் போன் பண்ணிட்டாரு."

ஆட்டு வியாபாரி ஓர் ஆட்டை எங்கே கொண்டுபோவார் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வாடகை வண்டியில் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் தையல் சுருக்கென்றது. அதைவிட ஒரு கேள்விதான் அதிகமாகக் குத்தியது. பெரிய டீச்சர் குட்டியாக வந்ததிலிருந்து ஒரு தடவைகூட யாரையும் முட்டியதில்லை. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள், தாடியில் பின்னல் போட்டிருக்கிறார்கள். அவள் செய்ததெல்லாம் எழுந்து போனதுதான். அவள் எதற்கு முட்டினாள்?

எங்கள் ஷெட் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும். அப்போதுதான் அன்று நான் பட்ட வயிற்றெரிச்சல் புரியும்.

ஷெட்டின் ஒரு பாதிதான் ஜனங்கள் வரும் பக்கம். மறுபாதியை ஒரு பலகைச் சுவர் பிரிக்கிறது. அந்தச் சுவரின் கோடியில் ஒரு திறப்பு வைத்திருந்தேன். ஆடு குனியாமல் போகும் உயரம், பெரியவர்களின் தோள் நுழையாத அகலம். நுழைந்ததும் வழி மடங்கித் திரும்பும். அதனால் வெளியே நின்று கையை விட்டு வாலைப் பிடித்து இழுக்கவும் முடியாது. உள்ளே தண்ணீர், வைக்கோல், ஏறி நிற்க மரப்பெட்டிகள். போதும் என்று தோன்றுகிற ஆடு அங்கே போய்விடும். அங்கே போன ஆட்டை யாரும் கூப்பிடக் கூடாது என்பது சட்டம். அந்தப் பக்கத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஸ்டாஃப் ரூம்.

அந்த ஒரு திறப்புதான் மொத்த இடத்தையும் ஓட்டுகிற எஞ்சின். போக வழியிருக்கும் ஆடு தானாகவே திரும்பி வரும். ஆட்டைப் போல வேடிக்கை பார்க்கும் பிராணி கிடையாது. புதிதாக ஒருவர் மணலில் உட்கார்ந்தால், அவருடைய செருப்பு வார், பையின் ஜிப்பு, சட்டைப் பொத்தான் எல்லாவற்றையும் மோந்து பார்க்காவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. பிடிக்கவில்லையென்றால் போய்விடலாம் என்கிற தைரியத்தில்தான் அது கிட்டே வருகிறது. அப்படித் தானாக வந்த ஆடு ஒரு குழந்தையின் தோளில் தாடியை வைக்கும்போது அந்தக் குழந்தை மூச்சுவிடவே மறந்துபோகும். அதைப் பார்ப்பதற்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

ஷெட்டுக்குள் நுழைந்தேன். ஸ்டாஃப் ரூமின் திறப்பைக் காணவில்லை.

அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பலகை ஆணியடித்து நின்றது. அதில் ஓர் ஆடு, மனிதப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு பையன் உள்ளங்கையை அழுத்தி வைத்திருப்பதுபோல் படம். மேலே, 'பெரிய டீச்சரோடு ஒரு போட்டோ!'

பலகைக்கு முன்னால், மரத்தில் மூக்கு படுகிற தூரத்தில், நிஜமான பெரிய டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். சிரிக்கிற ஆடும் சிரிக்காத ஆடும் முகத்தோடு முகம்.

"நீ எதுக்கு இப்ப எழுந்து வந்தே?" என்று அண்ணன் ஓடி வந்து நாற்காலி போட்டான். "அண்ணி சொல்லிட்டாளா? எனக்கு மட்டும் இஷ்டமா? எனக்கே நம்ப முடியலம்மா, இவளா முட்டினான்னு. அதோ பாரு, இப்பவும் அங்கதான் நிக்கிறா. நீ படுத்ததுக்கு அப்புறம் நானா பழக்கினது. பழக்கினேன்னுகூட சொல்ல முடியாது, தானாவே பழகிட்டா. காலைல பின் கேட் வழியா விட்டா, வேற எங்கயும் திரும்ப மாட்டா. நேரா போட்டோ எடுக்கற இடத்துல போய் நிப்பா. அவளுக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சு."

நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, அது என்ன இடம்?"

"எது?"

"நீ பலகை அடிச்சிருக்கியே, அதுக்குப் பின்னாடி என்ன இருந்துது?"

"ஸ்டாஃப் ரூ..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். பெரிய டீச்சரைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்க்காமல் வாத்துகளைப் பார்த்தான்.

அவள் போட்டோவுக்கு வந்து நிற்கவில்லை. தினமும் வந்து, தன் கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எங்கேயும் போக முடியாத ஓர் ஆட்டைப் போட்டோ மோகம் பிடித்த ஆடு என்று நினைப்பதற்கு, ஆடு வைத்து ஜனங்களை மகிழ்விக்கும் தொழிலில் இருக்க வேண்டும். வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

"நீ பாட்டுக்குக் கோவிச்சுக்காதே," என்றான் அண்ணன். "வாசல்ல நிக்கிறவன் நான். வெளிய போறவங்க என்ன சொல்லிட்டுப் போறாங்கன்னு எனக்குத்தான் தெரியும். உள்ள வந்தா ஆட்டோட பின்பக்கம் மட்டும்தான் தெரியுதுன்றாங்க. தொட்டுப் பாக்கலாம்னு போர்டு வச்சுட்டு தொடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னா, நான் என் தலையையா குடுக்க முடியும்?"

"குடேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குடு. அப்பத் தெரியும்."

"இதை மூடினதுக்கு அப்புறம் ஒருத்தர்கூட குறை சொல்லலை, தெரியுமா?"

"ஆடு சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. உனக்கு அது போஸ் குடுக்கறதாத் தெரிஞ்சிருக்கு."

இதையெல்லாம் நான் ரகசியம் பேசுகிற குரலில்தான் சொன்னேன். குரலை உயர்த்தினால் தையல் இழுக்கிறது. கத்த முடியாத கோபம் உடம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. அண்ணனுக்கு நான் கத்தியிருந்தாலே பரவாயில்லை போலிருந்தது, நெளிந்துகொண்டே நின்றான்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா வந்தார். கையில் போன், இன்னொரு கையில் மகள். மகளுக்கு ஐந்து வயது இருக்கலாம். முழங்கையில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

"இன்னும் போகலையா இது?" என்றார் அந்த அம்மா, ஆட்டைக் காட்டி.

"ஆள் வந்துட்டே இருக்கார் மேடம்," என்றான் அண்ணன்.

"இவங்க யாரு?"

"என் தங்கச்சி. பிராணிங்களை இவதான் பாத்துக்கறா."

"நல்லாப் பாத்துக்கறீங்க! எல்லாம் வீடியோல இருக்கு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நீங்களும் பாருங்க, எவ்ளோ மூர்க்கம்னு."

போனை என் கையில் கொடுத்தார். அது ஒரு சின்ன வீடியோ. ஒரு தடவை பார்த்தேன். பிறகு, "இன்னொரு தடவை மெதுவாப் போடலாமாங்க?" என்று கேட்டு, அண்ணனையும், வாசலில் நின்றிருந்த அண்ணியையும் பக்கத்தில் கூப்பிட்டேன்.

முதலில் பெரிய டீச்சர் பலகையைப் பார்த்தபடி நிற்கிறாள். குழந்தை கிட்டே வருகிறது. ஆட்டின் கண்ணில் கண்மணி படுக்கை வாட்டத்தில் நீளமாக இருக்கும். அதனால் தலையைத் திருப்பாமலே பக்கவாட்டிலும் கிட்டத்தட்டப் பின்னாலும் அதற்குத் தெரியும். அவள் குழந்தையைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். ஆட்டுப் பாஷையில் இது மரியாதையான 'வேண்டாம்'. பிறகு இடது பக்கம் நகர்கிறாள். இது இரண்டாவது 'வேண்டாம்'. அப்போது அண்ணனின் குரல், "இருங்க மேடம், நிப்பா," என்கிறது. அவன் கை வந்து கழுத்துப் பட்டையைப் பிடித்து அவளை மறுபடி பலகைக்கு முன்னால் இழுத்து, முகம் கேமரா பக்கம் இருக்கும்படி திருப்புகிறது.

இப்போது படத்தின் ஓரத்திலிருந்து, படம் எடுப்பவரின் கடிகாரம் கட்டிய கை உள்ளே நீள்கிறது. அது குழந்தையின் முதுகில் போய் நிற்கிறது. குழந்தையின் குதிகால்கள் மணலில் ஊன்றியிருக்கின்றன. உடம்பு பின்னால் சாய்கிறது. கை தள்ளுகிறது. "தலைல கை வை. அழுத்தி வை. அம்மாவைப் பாரு. சிரி!"

குழந்தை ஆட்டின் நெற்றியில் கை வைத்து அழுத்துகிறது.

"அண்ணா," என்றேன். "ரெண்டு ஆடு சண்டைக்கு நின்னா எப்படி ஆரம்பிக்கும்?"

அவன் முணுமுணுத்தான். "நெத்தியோட நெத்தி வச்சுத் தள்ளும்."

"நெத்தியை அழுத்தினா அதுங்க பாஷைல 'வர்றியா'ன்னு அர்த்தம். நீ அதையே படம் போட்டு, வர்ற குழந்தைங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கே. நாள் முழுக்க அவளை ஒவ்வொருத்தரா சண்டைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவளும் நாள் முழுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா. இதோ பாரு, பின்னாடி போறா. பின்பக்கம் உன் பலகைல இடிக்குது. இதோ, முன்காலால தரையை உதைக்கறா. அதுதான் கடைசி எச்சரிக்கை. அதுக்கப்புறம்தான் தள்ளினா. எம்பி இடிக்கலை, தள்ளினா. இந்த எடை உள்ள ஆடு எம்பி இடிச்சிருந்தா விலா எலும்பு போயிருக்கும்."

வீடியோவில் குழந்தை மணலில் விழுந்து, தீவனத் தொட்டியின் விளிம்பில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு அழத் தொடங்கியது. படம் நின்றது.

"அப்ப என் மேல தப்புன்றீங்க?" என்றார் அந்த அம்மா.

"உங்க மேல கொஞ்சம். எங்க மேல நிறைய. ஆட்டு மேல இல்லை."

"நல்லா இருக்கே கதை! தொடறதுக்குன்னே வச்சிருக்கற ஆட்டுக்கு இஷ்டம் என்ன, கஷ்டம் என்ன? மத்ததெல்லாம் சமத்தா இல்லையா? அதோ, அந்த முயலைப் பாருங்க. யார் மடில வச்சாலும் அசையாம எவ்ளோ ஆசையாப் படுத்திருக்கு!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு பையனின் மடியில் சாம்பல் நிற முயல் தட்டையாகக் கிடந்தது. காதுகள் முதுகோடு ஒட்டியிருந்தன, கண்கள் பிதுங்கி வெள்ளை தெரிந்தது. அண்ணன் முயல்கள் ஒளிந்துகொள்ளும் பெட்டிகளையும் எடுத்துவிட்டிருந்தான். முயல் ஆசையில் இப்படி அசையாமல் கிடக்காது. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்த பிறகு, செத்ததுபோல் கிடந்தால் விட்டுவிடுவார்களா என்று பார்க்கிறது. அதற்கு மேல் அதனிடம் வேறு உபாயம் கிடையாது. முட்டத் தெரிந்த பிராணிக்கு மூர்க்கம் என்று பெயர்; முட்டத் தெரியாததற்குச் சமத்து என்று பெயர். எழுந்து போய், அந்தப் பையனிடம் கேட்டு வாங்கி, முயலைக் கூண்டுக்குள் விட்டேன். கையில் அதன் இதயம் படபடவென்று அடித்தது.

திரும்பி வந்து சொன்னேன்: "மேடம், உங்க வீடியோல குழந்தை வேணாம்னுது. ஆடும் வேணாம்னுது. வேணும்னு நின்னது நீங்களும் எங்க அண்ணனும் மட்டும்தான். பேசாம நீங்க ரெண்டு பேரும் நெத்தில கை வச்சு ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்."

அண்ணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் உடனே அதை அடக்கியது. அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"கிண்டலா? ஆடு இப்பவே போகணும். இல்லைன்னா நான் இங்கிருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்."

அண்ணன் கையைப் பிசைந்தான். வெளியே ஒரு வேன் வந்து நின்றது. வியாபாரி இறங்கி வந்தார். அழுக்கு வேட்டி, தோளில் கயிறு, கையில் தொங்கு தராசு. யாரிடமும் எதுவும் கேட்காமல் பெரிய டீச்சரிடம் போனார். முதுகெலும்பின் மேல் விரல்களை ஓட்டினார், தொடையைப் பிடித்துப் பார்த்தார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். பிறகு தராசைக் கூரை உத்தரத்தில் மாட்டினார். பெரிய டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பலகையைப் பார்த்தாள்.

"நல்ல சாதுவான ஆடுண்ணே," என்றார் வியாபாரி.

குழந்தை அம்மாவின் கையை விட்டு முன்னால் வந்தது. அண்ணனிடம் கேட்டது.

"டீச்சரை எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

அண்ணன் குனிந்து, பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் குரலை வரவழைத்துக்கொண்டான். "டீச்சர் மாத்தலாகிப் போறாங்க பாப்பா. வேற ஸ்கூலுக்கு."

"மாத்தலாகிப் போற எந்த டீச்சரையும் தராசுல தொங்கவிட்டு எடை பாக்க மாட்டாங்க, அண்ணா," என்றேன்.

"நீ சும்மா இரு."

"இருக்கேன். நாளைக்கு நான் வாசல்ல ஒரு நாற்காலி போட்டு சும்மாதான் உக்காந்திருப்பேன். பெரிய டீச்சர் எங்கன்னு எந்தப் பிள்ளை கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவேன். அவ வேணாம்னு சொன்னா, நாங்க கேக்கலை; வழியை மூடினோம்; வழி இல்லாம அவ தள்ளினா, நாங்க வித்துட்டோம். இதை ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் சொல்லுவேன். உன்னால இப்ப இந்தப் பிள்ளைகிட்ட சொல்ல முடியுதா? சொல்லு பாப்போம்."

குழந்தை அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஆயிரம் பேரிடம் பேசிச் சமாளித்த ஆள், ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் நிமிர்ந்து நின்று உச்சந்தலையைச் சொறிந்தான்.

"தராசை இறக்குங்கண்ணே," என்றான் வியாபாரியிடம். குரல் எரிச்சலாக இருந்தது. என் மேலா, தன் மேலா தெரியவில்லை. "இது விக்கறதுக்கு இல்லை."

"வேன் வாடகை குடுத்து வந்திருக்கேன்..."

"அதை நான் பாத்துக்கறேன். இறக்குங்க."

வியாபாரி தராசைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "டீச்சர்னு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? எங்க வீட்ல பிள்ளைங்களும் இங்க வந்து போறவங்கதான், தெரிஞ்சா எனக்குச் சோறே போட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அப்ப நான் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்றார் அந்த அம்மா.

"போங்க மேடம்," என்றான் அண்ணன். "வீடியோவையும் எடுத்துட்டுப் போங்க. மெதுவாப் போட்டுக் காட்டுங்க. பாப்பா கீழ விழுந்தது எங்க தப்பு, அதுக்கு நான் எங்க வேணா வந்து கையைக் கட்டி நிக்கிறேன். ஆட்டைக் குடுக்க மாட்டேன்."

அவர் மகளை இழுத்துக்கொண்டு போனார். புகார் கொடுப்பாரா, பெரிய தொல்லை வருமா என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அண்ணி வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் கருவிப் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்து வந்தான். பலகையை அவன் பலமாகத்தான் அடித்திருந்தான். ஒவ்வொரு ஆணியும் கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன். "போய் உக்காரு, தையல் பிஞ்சு வந்துச்சுன்னா அந்தப் பழியும் என் தலைலதான் விழும்," என்று அதட்டினான். கடைசி ஆணி வந்ததும் பலகை மணலில் மல்லாந்து விழுந்தது. பெரிய டீச்சர் அதன் சிரிப்பை மிதித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் பின்னாலேயே மற்ற ஆடுகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஒன்றுவிடாமல். வைக்கோல் சரசரப்பும் மரப்பெட்டியில் குளம்புச் சத்தமும் கேட்டன. இந்தப் பக்கம் வெறும் மணல்.

அப்போது பார்த்து ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அப்பா, அம்மா, இரட்டைப் பிள்ளைகள், நாலு பேர் கையிலும் தீவனப் பொட்டலம்.

"என்னங்க இது, ஒரு ஆட்டைக்கூடக் காணோம்?" என்றார் அந்த அப்பா.

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான். என்னை ஒரு முறை முறைத்தான்.

"உக்காருங்க," என்றான் அவர்களிடம். "அதுங்களுக்குத் தோணினா வரும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா வராது."

அந்த அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிள்ளைகள் இரண்டும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டன.